பத்து நாளில் நாலு கேம்

கல்யாண மாதத்தில் ஒரே முகூர்த்தத்துக்கு நாலு பத்திரிகை வந்து விழுமே, வீடியோ கேம் கம்பெனிக்காரர்களும் அப்படித்தான். வருஷம் முழுக்கச் சும்மா இருப்பார்கள். அக்டோபர் பிறந்ததும், கிறிஸ்துமஸுக்கு ஜனங்கள் கடைக்குப் போவதற்குள் அங்கே அடுக்கிவிட வேண்டுமென்று, எல்லாரும் சேர்ந்து எல்லாவற்றையும் நம் தலையில் கொட்டுவார்கள். விளையாடுகிறவனுக்கும் குடும்பம், வேலை எல்லாம் இருக்கும் என்ற நினைப்பே கிடையாது.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. மலேசியாவில், குளுவாங்கில் ஒரு பல் கிளினிக்கில் கவுன்டரில் இருக்கிறேன். வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் கிடங்கு வேலை; ஆட்களுக்கு ஷிஃப்ட் போடுகிற சூப்பர்வைசர். சனிக்கிழமை மத்தியானம் வருவார், ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறிவிடுவார். வீட்டில் வேறு யாரும் இல்லை. டிசம்பரில் மட்டும் மிச்ச லீவையெல்லாம் ஒன்றாக எடுத்துக்கொண்டு பத்து நாள் முழுசாக இருப்பார். நானும் என் லீவை அதற்கென்றே சேர்த்து வைப்பேன். இரண்டு பேர் ஆடுகிற கேமாகப் பார்த்து, ஒரே ஒரு கேம் வாங்கி, அந்தப் பத்து நாளும் சேர்ந்து விளையாடுவோம். சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொண்டு. வருஷத்திலேயே எனக்குப் பிடித்த நாட்கள் அவைதான். கோயில் திருவிழாவைக் கூட நான் அப்படி எதிர்பார்த்ததில்லை, சாமி கோவித்துக்கொண்டாலும் சரி.

இந்தத் தடவை மூன்று வாரத்துக்குள் நல்லதாக நாலு வந்துவிட்டது. எதை வாங்குவது என்று ஒரு மாதம் போனிலேயே சண்டை. கடைசியில் மனுஷன் நாலையும் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். வந்த கையோடு சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி, எந்தத் தேதியில் எந்த கேம், காலையில் எவ்வளவு, மத்தியானம் எவ்வளவு என்று பேனாவால் எழுதினார். ரெங்கத்தில் இருக்கிற அவர் அம்மாவைப் பார்ப்பதற்கு, நடுவில் அரை நாள்.

"என்னங்க இது, எனக்குமா ஷிஃப்ட் போடுறீங்க?"

"நாலு இருக்குலா. பிளான் பண்ணாம எப்படி முடிக்கிறது?"

"அப்ப ரசம் தாளிக்கவும் உங்ககிட்ட பெர்மிஷன் கேக்கணுமா?"

சிரித்தார். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. வந்த முதல் நாளே ஆரம்பிக்க வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை முதல் கேமை ஆரம்பித்தோம். வெளியே நல்ல மழை. அக்காவும் தம்பியும் பழைய சுரங்கம் ஒன்றில் வழி தேடிப் போகிற கதை. நான் அக்கா, அவர் தம்பி. எந்த கேமிலும் முதலில் குழியில் விழுகிறவர் அவர்தான். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அன்றைக்கு ஒரு தடவை கூட விழவில்லை.

ஒரு மரப்பாலம் வந்தது. நான் ஓடப் போனேன். "நில்லு" என்றார். நின்றேன். பாலம் இடிந்து விழுந்தது. அதற்கப்புறம்தான், ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரி, "அலமாக்!" என்று, ஐயையோ என்கிற மாதிரி கத்தினார்.

அடுத்த அறையில் ஏழு கதவுகள். நேராக ஐந்தாவது கதவுக்குப் போனார். திறந்தது.

நான் கண்ட்ரோலரைக் கீழே வைத்தேன்.

"யார்கூட ஆடுனீங்க?"

"என்னது?"

"நடிக்காதீங்க. இத யார்கூட ஆடுனீங்க?"

காதைச் சொறிந்தார். "ரூம்மேட்கூட."

"எவ்ளோ தூரம்?"

"முடிவு வரைக்கும். மத்த மூணும் கொஞ்சம் கொஞ்சம்."

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல! நாற்பது தாண்டிய பொம்பளை ஒரு கேமுக்காக இப்படிக் கொதிப்பாளா என்று கேட்டால், கொதிப்பாள். வேறு ஒருத்தியோடு படம் பார்க்கப் போயிருந்தால் கூட இவ்வளவு கோபம் வந்திருக்குமா, தெரியவில்லை. குழியில் விழுவதையெல்லாம் அங்கேயே விழுந்து முடித்துவிட்டார். சிரிப்பதையெல்லாம் அங்கேயே சிரித்தாயிற்று. எனக்கு மிஞ்சியது வழி தெரிந்த ஓர் ஆள்.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

"வழி தெரிஞ்சிருந்தா சீக்கிரம் முடிச்சிடலாம்னுதான். நாலு கேமு, பத்து நாளு. போன வருஷம் பாதியில விட்டுட்டு நான் கெளம்புனப்ப நீ வாசல்ல நின்னு அழுத. இந்தத் தடவ எதையும் முடிக்காம போகக்கூடாதுன்னு நெனச்சேன்."

வேலை முடிந்து அலுத்து வந்து, இதையெல்லாம் பாடம் மாதிரி படித்திருக்கிறார்.

"கேமுக்காகவா நான் அழுதேன்?"

"பின்ன எதுக்கு?"

கிண்டலில்லை, நிஜமாகவே கேட்டார். பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்திய மனுஷன்.

"நீங்க போறீங்கன்னு அழுதேன். நீங்க பஸ் ஏறிட்டா மறு சனிக்கிழம வரைக்கும் இந்த வீட்ல நான் ஒத்த ஆளு. போன்ல கேம் பத்தி பேசுறோம், எத்தன மணி பஸ்ஸுன்னு பேசுறோம். இங்க என் நாளு எப்படிப் போகுதுன்னு என்னிக்காச்சும் கேட்டீங்களா?"

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்து போய் டிவியை அணைத்தார். திரும்பி வந்து, என் பக்கம் பார்த்து, காலை மடக்கி உட்கார்ந்தார்.

"சரி, சொல்லு. திங்கக்கிழமையில இருந்து சொல்லு."

சொல்ல ஆரம்பித்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்தபோது செவ்வாய்க்கிழமையைக் கூடத் தாண்டவில்லை.