இரண்டாவது சாவி

சந்தேகப்படுவது என் தொழில். குவைத்தில் இருபத்துமூன்று வருடம் நர்ஸாக இருந்தேன். மருந்துக் குப்பியை மூன்று தடவை வாசிக்காமல் ஊசி போட்டதில்லை. ‘ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு சிகரெட்டுதான் சிஸ்டர்’ என்பவனுக்கு மனதுக்குள் ஆறு என்று எழுதிக்கொள்வேன். சொந்த ஊரான அருமனைக்குத் திரும்பி வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. மீன்காரி முதல் பாஸ்டர் வரை யாரையும் விடுவதில்லை.

அப்படிப்பட்டவள் ஐம்பத்துநான்கு வயதில் ஆசைப்பட்டது ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு. இரண்டே கதவு, இரண்டே சீட், கூரை திறந்து மடங்கும். குவைத்தில் டியூட்டி முடிந்து ஆஸ்பத்திரி பஸ்ஸில் நெருக்கியடித்து வரும்போது அப்படி ஒன்று பக்கத்தில் சீறிப் போகும். ஒருநாள் அதை ஓட்டியவள் என் வயசுக்காரி. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

“ஏட்டி, ரெண்டு சீட்டுதானே இருக்கு. நம்ம எல்லாருமா எப்பிடிப் போறது?” என்றார் என் கணவர். பிள்ளைகள் இரண்டும் கனடாவில்.

“எல்லாரும்னா ஆரு?” என்றேன்.

திருவனந்தபுரம் ஷோரூமில் விற்பனையாளர் அரைமணி நேரம் என் கணவரிடமே பேசினார். இன்ஜினைப் பற்றி அவருக்குச் சொல்லிவிட்டு, சீட்டுக்கு என்ன நிறம் வேண்டும் என்று மட்டும் என்னிடம் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதுவண்டி வர ஐந்து மாதம் ஆகும் என்றார். நான் எட்டு என்று எழுதிக்கொண்டேன்.

அப்போதுதான் கருங்கல் பக்கம் ஒரு பல் டாக்டர் அதே வண்டியை, அதே சிவப்பில், விற்கப்போவதாகத் தெரிந்தது. ஒன்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லையாம். என் கணவருக்கு அது பிடித்துப்போயிற்று. எனக்கு அதுவே உறுத்தியது. ஓடாத வண்டியை ஒருவர் எதற்கு விற்க வேண்டும்? வெள்ளத்தில் மூழ்கியிருக்கும், இல்லாவிட்டால் எங்காவது கொண்டுபோய் இடித்திருப்பார்.

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் குனிந்து அடிப்பக்கம் துரு தேடினேன். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேறு வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்த்தேன். கால்விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். டாக்டர் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். “சிஸ்டர் எனக்க பல்லையும் எண்ணிப் பாத்துருவாங்க போல, சாரே!”

ஒன்றும் கிடைக்கவில்லை. ஓட்டும் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கால் பெடலில் கச்சிதமாகப் பதிந்தது. கண்ணாடியைத் திருப்பவே வேண்டியிருக்கவில்லை. எனக்கு உயரம் ஐந்தடி இல்லை, டாக்டர் ஆறடி.

“இத ஆரு ஓட்டுகது டாக்டரே?”

“நான் மட்டுந்தான். வேற ஆரும் தொடமாட்டாவ.”

தலைக்கு மேலே வெயில் மறைப்பை இறக்கினேன். ஓரத்தில் இரண்டு சேஃப்டி பின் குத்தியிருந்தது. ஆர்.சி. புத்தகத்தில் ஒரு பெண் பேர். “வீட்டுக்காரிக்க பேரு. சும்மா ஒரு இதுக்கு வச்சது” என்றார். இரண்டாவது சாவி எங்கே என்று கேட்டேன். “அது தொலஞ்சு போச்சு சிஸ்டர். எங்க தேடியும் கிட்டல்ல.”

பழைய வண்டி வாங்குகிறவர்கள் பயப்பட வேண்டியது இதற்குத்தான். அந்தச் சாவி யார் கையிலோ இருக்கும். ஒருநாள் அவன் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். இதெல்லாம் தெரிந்தும் எனக்கு இறங்க மனமில்லை. சனியன் பிடித்த அந்தச் சீட் எனக்கென்றே தைத்ததுபோல் இருந்தது.

கை கழுவ உள்ளே போனேன். அடுக்களையில் டாக்டரின் மனைவி நின்றிருந்தாள். என் உயரந்தான்.

“கூரையைத் திறந்து பாத்தியளா அக்கா? திருவட்டாறு ரோட்டுல ரப்பர் மரத்துக்கு அடியில போவும்போ நல்ல கொள்ளாம்.”

“ஓட்டுனது நீதானே மக்கா?”

அவள் குழாயை மூடினாள். “பின்னே. டாக்டருக்க பெண்டாட்டி எங்க இப்பிடிச் சுத்துகான்னு சர்ச்சுல பேச்சு. இவருக்கு ஆளுவ முகத்துல முழிக்க முடியல்லியாம்.”

“வண்டி உனக்க பேருலல்லா இருக்கு?”

“ஒப்பு போடுன்னு சொன்னா போடாம இருக்க முடியுமா?”

அரிசிப் பானையைத் திறந்து முழங்கை வரை கையை விட்டாள். எடுத்தபோது கையில் சாவி இருந்தது. “மூணு பேரு வந்து பாத்தாச்சு. ஒத்தச் சாவின்னதும் போயிருவாவ. நீங்க உக்காந்திருந்தத ஜன்னல் வழியா பாத்தேன். ஆரோ ஒருத்தன் எடுக்கதுக்கு நீங்களே எடுத்துக்கிடுங்க.”

அப்போதும் என் கெட்ட புத்தி, இவள் நடிக்கிறாளோ என்று ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு அவள் விரல்களைப் பார்த்தேன். நீட்டிய சாவியை அவை விடவே இல்லை.

“அரிசியில போடு மக்கா” என்றேன்.

வெளியே வந்து, “ரெண்டாவது சாவி இல்லாத வண்டி எனக்கு வேண்டாம் டாக்டரே” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். அதோடு விடவில்லை. யார் விசாரித்தாலும், அந்த வண்டியில் என்னவோ கோளாறு இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். தெரிந்தே நான் கிளப்பிய பொய்ச் சந்தேகம் அது ஒன்றுதான். எனக்கு வருத்தமே இல்லை.

ஷோரூமிலேயே பணம் கட்டிப் பதிந்தேன்; புதுவண்டி ஏழாவது மாதம் வந்தது. விற்பனையாளர் இரண்டு சாவியையும் என் கணவர் கையில்தான் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். ஒரு மாதம் ஆசை தீர ஓட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் சர்ச்சிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “ஆளுவ கேக்காவ, சிஸ்டர் ஒத்தைக்கு எங்கயாக்கும் போறான்னு.”

நான் அந்தச் சட்டையை வாங்கிக் கொடியில் போட்டேன்.

அடுத்த வாரம் மேஜை இழுப்பறையைத் துழாவிக்கொண்டே கேட்டார். “ஏட்டி, மத்த சாவி எங்க?”

என் கணவர் நல்லவர். கருங்கல்லில் விசாரித்தால் அந்த டாக்டரையும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள்.

“எங்க தேடியும் கிட்டல்ல” என்று சொல்லிவிட்டு, உலையில் போட அரிசி எடுக்கப் போனேன்.