கூட்டணிக்கு எடுத்த ஆரத்தி

மண்ணூரில் எங்கள் கட்சி பிறந்தது என் தையல் மெஷினில்தான். இதை எந்த மேடையிலும் சொல்ல மாட்டார்கள். தலைவர் தாய்க்கட்சியில் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்த வாரம், என் கணவர் பழைய கொடிகளை அள்ளிவந்து என் முன்னால் போட்டார்.

"நடுப்பட்டைய பிரிச்சிட்டு மஞ்சா துணி வெச்சி தெச்சிடு. அவ்ளோதான், நம்ம கொடி."

கொள்கைக்கும் பெரிதாக மெனக்கெடவில்லை. கம்பெனி வேலை உள்ளூர்க்காரனுக்கே, அவ்வளவுதான். ஆனால் என் கணவர் அதை நம்பினார். நிலத்தைக் கொடுத்துவிட்டு, அதே நிலத்தில் எழுந்த கம்பெனிக்குக் கான்ட்ராக்ட் ஆளாக ஷிப்டு பஸ் ஏறியவர் வேறு எதை நம்புவார்? கிளைச் செயலாளர் ஆனார்.

ஒரு கம்பெனி கேட் முன்னால் கொடி பிடித்து நின்றார்கள். அங்கே வெளியூர் ஆள் சப்ளை செய்தவர் எதிர்க்கட்சியின் ஒன்றியச் செயலாளர். காரிலிருந்து இறங்கிய வேகத்தில் கொடிக்கம்பைப் பிடுங்கி என் கணவரின் வலது மணிக்கட்டில் அடித்தார். எலும்பு கூடிவிட்டது, கைதான் பழையபடி திரும்பவில்லை. ஸ்க்ரூ முடுக்க வராத கையை எந்த லைனில் நிறுத்துவார்கள்? வாட்ச்மேன் ஆனார். அடித்தவர்மேல் போட்ட கேஸ் ஒன்றுதான் அவருக்கு மிச்சம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கட்சிக்கரை வேட்டியை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு, ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி கோர்ட்டுக்குப் போவார்.

இந்தத் தேர்தலில் எங்கள் தலைவரும் எதிர்க்கட்சித் தலைவரும் டிவியில் பொன்னாடை மாற்றிக்கொண்டார்கள். கூட்டணியில் எங்கள் தொகுதி அவர்கள் கட்சிக்கு. வேட்பாளர், கையை உடைத்த அதே ஆள்.

எங்கள் மாவட்டச் செயலாளர் என் கணவருக்குப் போன் செய்தார். "கேஸுல சமாதானமா போயிடுப்பா. பிரச்சாரத்துக்கு வர்றப்போ மொத ஆரத்தி உன் வூட்டுலதான். தலைவரே சொல்லிக்கீறாரு."

"சரிண்ணே" என்று வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கட்சியும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம். வுட்டுட்டு வந்துடு" என்று கத்தினேன்.

"இதையும் வுட்டா? கம்பெனியில என்னை வாட்ச்மேன்னுதான் கூப்புடறானுங்க. ஊர்லதான் செயலாளர்னு கூப்புடறாங்க."

பிரச்சாரத்துக்கு வருகிற நாளும் வந்தது.

மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கரைத்தேன். வேட்டுச் சத்தத்தோடு வேட்பாளர் வந்து வாசலில் நின்றார். சுற்றினேன். பொட்டு வைக்க நெற்றியை வாகாகக் குனிந்து காட்டினார். வைத்தேன்.

என் கணவரின் தோளில் கைபோட்டுக் கேட்டார். "கை இப்போ இன்னா, பரவாயில்லியா தம்பி?"

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை இவர் திருப்பிக் கேட்டுவிட மாட்டாரா என்று தவித்தேன்.

"நல்லா கீதுண்ணே" என்றார்.

மேளம் நகர்ந்தது. ஆரத்தித் தண்ணீரைத் தெருவில் ஊற்றாமல் தட்டோடு நின்றேன்.

"ஊத்தும்மா, அடுத்த வூட்டுக்குப் போறாங்க" என்று சொல்லிவிட்டு, நான் தைத்த கொடியை இடது கையில் பிடித்துக்கொண்டு அந்த ஆளின் பின்னாலேயே ஓடினார். கோர்ட்டுக்குக் கட்டும் வேட்டியைத்தான் கட்டியிருந்தார்.