முள்ளெலித் தோல் கேட்டு வந்தவர்கள்

மாடத்தியின் வீட்டு வாசலில் ஒரு தாய் கைப்பிள்ளையோடு வந்து நின்றால், எதற்கு வந்திருக்கிறாள் என்று தெருவில் யாரும் கேட்க மாட்டார்கள். பிள்ளை இருமுகிற சத்தமே சொல்லிவிடும். கக்குவான் இருமல். விடாமல் இருமிவிட்டு மூச்சை உள்ளே இழுக்கும்போது கொக்கு கத்துவது போல ஒரு சத்தம் வரும், முகம் நீலம் பாரித்துப் போகும். வெம்பக்கோட்டைக்கு மேற்கே இருந்த அந்த ஊருக்கு ஆலங்குளம் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கு வேண்டியது முள்ளெலித் தோல். முள்ளைச் சுட்டுச் சாம்பலாக்கித் தேனில் குழைத்து நாக்கில் தடவினால் இருமல் நிற்கும் என்று நம்பினார்கள்.

முள்ளெலி லேசில் கண்ணில் படாது. உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்த அளவுதான் இருக்கும். பகல் முழுக்க உடைமரத்து வேரடி வளைக்குள் கிடந்துவிட்டு, இருட்டிய பிறகு வண்டும் கரையானும் தின்ன வெளியே வரும். ஆள் அரவம் கேட்டால் பந்தாகச் சுருண்டுகொண்டு உஸ்ஸென்று மூச்சு விடும். அந்த ஊரிலேயே அதை உயிரோடு பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மாடத்திக்கு மட்டும் இருக்கும் இடம் தெரியும். சிறுமியாக ஆடு மேய்த்தபோதும், பிறகு விறகு வெட்டப் போனபோதும் தானாகப் பார்த்துத் தெரிந்துகொண்டது அது. புழுக்கையில் வண்டுச் சிறகு மினுங்கினால் போதும், வளை எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவாள்.

சுருண்ட முள்ளெலியைக் கையால் பிரிக்க முடியாது. தண்ணீரில் போட்டால் மூச்சுக்குத் தவித்து அதுவாகவே முகத்தை நீட்டும். நெற்றி வெள்ளையாக, மூக்குப் பக்கம் கருப்பாக இருக்கும். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். மாடத்தி ஐம்பது அறுபது தடவை அதைச் செய்திருந்தாள்.

அவளுடைய பிழைப்பு அதில் இல்லை. அவளும் அவள் புருஷன் ஊர்க்காவலனும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அவளுக்குச் சரம் பின்னுகிற வேலை. காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் இறக்கிவிடும்.

அவர்களுக்கு ஒரே மகள், பானுப்பிரியா. 1990 மார்கழியில், மூன்று வயதில், அந்தக் குழந்தைக்கும் கக்குவான் வந்தது. மாடத்தி மூன்று வாரத்தில் மூன்று முள்ளெலி பிடித்தாள். மூன்றாவது தோலின் சாம்பல் கிண்ணத்தில் மீதி இருக்கும்போதே பிள்ளை போய்விட்டது. நேரம் கடந்து கொடுத்துவிட்டோம், அதனால்தான் கேட்கவில்லை என்றான் ஊர்க்காவலன். ஒரு வருஷம் போல மாடத்தியும் அப்படித்தான் நினைத்தாள். அதற்கப்புறம் அந்த நினைப்பு நிலைக்கவில்லை. அது மருந்தே இல்லை என்று அவளுக்குத் தெரிந்துபோனது. ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை. வாசலில் அழுதுகொண்டு நிற்கிற பெண்ணை வெறுங்கையோடு அனுப்ப அவளால் முடியவில்லை. இன்னும் பன்னிரண்டு வருஷம் பிடித்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

2003 புரட்டாசியில் ஞானசுந்தரி வந்தார். மல்லாங்கிணற்றுக்காரர், ஒரு கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்துகிறவர். முள்ளெலியைப் பற்றி ஆராய்ச்சி செய்வதாகச் சொன்னார். இரண்டு வருஷமாக ஸ்கூட்டியில் ஊர் ஊராகத் தேடியும், ரோட்டில் லாரிச் சக்கரத்தில் நசுங்கிக் கிடந்த நான்கைத்தான் பார்த்திருக்கிறார். இந்த நாட்டில் தெற்கே மட்டும் இருக்கிற உயிர், எத்தனை குட்டி போடும், எவ்வளவு தூரம் போகும் என்று யாருக்குமே சரியாகத் தெரியாது, உங்களைக் கேட்டால் தெரியும் என்று மூன்று ஊரில் சொன்னார்கள் என்றார்.

மாடத்தி பயந்துபோனாள். பாரஸ்ட்காரர்கள் அனுப்பிய ஆளோ என்று நினைத்தாள்.

"அது இப்ப எங்கன இருக்கு டீச்சர்? எங்க ஐயா காலத்தோட போச்சு," என்றாள்.

அவள் பேசிக்கொண்டிருந்த கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு தோல் காய்ந்துகொண்டிருந்தது. ஞானசுந்தரி விலாசம் எழுதிய சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த தை மாதம் பெத்தணன் வீட்டிலிருந்து ஆள் வந்தது. பெத்தணன் ஊரில் பெரிய சம்சாரி, மேற்கே இருந்த நாற்பது ஏக்கர் செவக்காட்டுத் தரிசு அவருடையது. அவர் பேரனுக்கு இருமலாம், முள்ளெலித் தோல் வேண்டுமாம். டீச்சர் வந்துபோனதில் பிடித்த பயம் மாடத்திக்கு இன்னும் விடவில்லை, தோல் கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பினாள். மறுநாளும் ஆள் வந்தது, அதே பதிலைச் சொன்னாள். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பெத்தணனின் மருமகள் யோகலட்சுமி, வீட்டில் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடத்தி இருந்த காலனித் தெருவுக்கே வந்துவிட்டாள். அந்த வீட்டில் பொடிப்பிள்ளைகள்கூட மாடத்தியைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். யோகலட்சுமி அன்று அக்கா என்று கூப்பிட்டாள்.

பிள்ளைக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு போனதில் தடுப்பூசி போடும் தேதி தவறிப்போயிருந்தது. மாடத்தி பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளை இருமியது. மூச்சு உள்ளே போகாமல் உதடு கருத்தது, திரும்ப மூச்சு வர வெகு நேரம் ஆனது. மாடத்தி உள்ளே போய்த் தோலை எடுத்துக்கொண்டு வந்தாள். கொடுக்கக் கை நீளவில்லை.

"இது கேக்காது தாயி."

"என்னக்கா சொல்றீக? எல்லாருக்கும் கொடுக்கீகள்ல?"

"எம் மக பானுக்கு மூணு கொடுத்தேன். மூணாவது முடியுறதுக்குள்ள போயிட்டா. பொழைச்ச பிள்ளைக எல்லாம் தானாப் பொழைச்சதுக. எந்திரிங்க, சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

பதிமூன்று வருஷத்தில் அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். இரண்டு பேரும் ஒரு மணி பஸ்ஸில் ஏறினார்கள். பஸ்ஸில் இரண்டு தடவை பிள்ளைக்கு மூச்சு அடைத்தது. ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். இந்த வயதில் இது உயிரை வாங்குகிற சீக்கு என்றார் டாக்டர். பன்னிரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இருமல் சித்திரை வரைக்கும் இருந்தது, ஆனால் பிள்ளை பிழைத்துக்கொண்டது.

பெத்தணன் காலனித் தெருமுனைக்கு வந்து மாடத்தியைக் கூப்பிட்டு அனுப்பினார். யாரைக் கேட்டுத் தன் மருமகளைப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள் என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்து நின்றாள். அவர் திரும்பிப் போய்விட்டார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடத்தி வீட்டில் இருந்த தோல்களையெல்லாம் ஒரு அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு மல்லாங்கிணற்றுக்குப் பஸ் ஏறினாள். மொத்தம் ஏழு தோல். ஞானசுந்தரி வீட்டுத் தரையில் வரிசையாகப் பரப்பிவிட்டு, அன்றைக்குச் சொன்னது பொய், போலீசுக்குச் சொன்னாலும் சொல்லுங்கள் என்றாள்.

ஞானசுந்தரி ஒரு நோட்டையும் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார்.

"இது எங்க பிடிச்சது? எந்த மாசம்? ஞாபகம் இருக்காக்கா?"

மாடத்திக்கு ஏழும் ஞாபகம் இருந்தது. இது ஐப்பசி மழையில், ஓடைக்கு வடக்கே. இது கர்ப்பமாக இருந்தது, வயிற்றில் இரண்டு குட்டி, அறுத்த பிறகுதான் தெரிந்தது. இது கோடையில், வளைக்குள் அசைவில்லாமல் தூக்கத்தில் கிடந்தது, தொட்டால்கூட உணர்வில்லை. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஞானசுந்தரி எழுதினார். குட்டி விஷயம் வந்தபோது மாடத்தி அந்தத் தோலைத் தனியே நகர்த்தி வைத்தாள், எழுதுகிறவரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பகுதி முள்ளெலியைப் பற்றி ஞானசுந்தரியின் நோட்டில் ஏறிய முதல் விவரங்கள் அவைதான்.

தீபாவளி கழிந்தால் பட்டாசுக் கம்பெனிகள் மூன்று நாலு வாரம் அடைத்துவிடும். அந்தச் சமயத்தில்தான் மழையும் பெய்யும், முள்ளெலியும் நடமாடும். 2004 தீபாவளிக்குப் பிறகு இரண்டு பேரும் பெத்தணனின் தரிசில் ராத்திரி நடக்க ஆரம்பித்தார்கள். அனுமதி கேட்கப் போன ஞானசுந்தரியிடம், கூட வருவது யார் என்று பெத்தணன் கேட்டார். மாடத்தி என்றதும், பாழுங்கிணறு ஒன்று இருக்கிறது, பார்த்துப் போகச் சொல்லுங்கள் என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான்.

வெளிச்சத்தில் அது மிரளாமல் இருக்க, டார்ச் லைட்டின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாம் ராத்திரி, தூறல் விட்ட நேரத்தில், மாடத்தி டீச்சரின் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஈர மண்ணைக் கிளறிக்கொண்டு ஒன்று வந்துகொண்டிருந்தது. ஒரு வண்டைப் பிடித்து நறுக்நறுக்கென்று மென்றது. ஞானசுந்தரி உயிரோடு ஒரு முள்ளெலியைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அழுதுவிட்டார். மாடத்தியோ அதன் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் தவிக்காத அந்த முகத்தை அவள் பார்த்ததும் அன்றுதான் முதல் தடவை. இத்தனை வருஷமும் கண்ட உடனே அமுக்கித்தான் பழக்கம்.

அந்த மழைக்காலத்தில் பதினோரு முள்ளெலி எண்ணினார்கள். அடையாளத்துக்கு முதுகு முள்ளில் நகச்சாயம் தொட்டுவிட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு பக்கம். மறு வருஷம் ஒன்பது. சாயம் போட்டவற்றில் நான்கு திரும்பக் கண்ணில் பட்டன.

தோல் கேட்டு வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். எல்லாரையும் மாடத்தி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். சிலர் போனார்கள். சிலர், டீச்சரம்மா பழக்கத்தில் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று திட்டிவிட்டுப் போனார்கள்.

2006 ஆவணியில் இசைவாணி வந்தாள். மாடத்தியோடு ஒரே கம்பெனியில், ஒரே வேனில் போகிறவள். அவளுடைய எட்டு மாதப் பிள்ளைக்கு இருமல். மாடத்தி தோல் இல்லை என்றாள், இப்போதே கிளம்பு, நானும் கூட வருகிறேன் என்றாள். இசைவாணி கேட்கவில்லை. இரண்டு நாள் வேறு ஊர்களில் தோல் தேடி அலைந்துவிட்டு அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நெஞ்சில் சளி கட்டியிருந்தது. நான்காம் நாள் பிள்ளை இறந்துவிட்டது.

பதினாறு கழிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, வேனில் எல்லாரும் இருக்கும்போது இசைவாணி சொன்னாள்:

"ஒரே ஒரு தோலக் கொடுத்திருந்தா எம்பிள்ள இருந்திருக்கும். நீ எலியப் பாத்த, எம்பிள்ளயப் பாக்கல."

மாடத்தி பானுவைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் வீணாக்கியது யார் என்று கேட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்து ஊர்க்காவலனிடம் மட்டும் சொன்னாள், யார் மேலயாவது கோபப்பட்டாத்தான் அவளால இருக்க முடியும், எம்மேலயே இருக்கட்டும் என்று. அவன், அப்படியென்றால் பானு போனபோது நீ யார் மேல் கோபப்பட்டாய் என்று கேட்டான்.

அதற்குப் பிறகு வேனில் மாடத்தி பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. குழாயடியில் குடத்தை வைத்தால் பேச்சு நின்றுபோகும். ஆறேழு மாதம் இப்படிப் போனது. அந்த வருஷ மழையில் ஞானசுந்தரி தனியாகத்தான் தரிசில் நடந்தார். இரண்டைத்தான் பார்த்தார்.

மறு வருஷம் மாடத்தி கிராம நர்ஸைப் போய்ப் பார்த்தாள். தடுப்பூசி போடுகிற புதன்கிழமை, மாதம் ஒரு நாள், கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு நர்ஸோடு வீடு வீடாகப் போனாள். எந்த வீட்டில் பிள்ளை பிறந்து எத்தனை நாள் ஆகிறது என்று அவளுக்குத் தெரியும். ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்று கதவைச் சாத்துகிற வீட்டில், வாசலில் உட்கார்ந்து பானு எப்படிப் போனாள் என்று சொல்வாள். ஒளிக்காமல், அழாமல், மூன்று தோலையும் சேர்த்துச் சொல்வாள். கேட்டவர்களில் பாதிப்பேர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மழைக்கு முன்பே அவள் தரிசுக்கும் திரும்பிவிட்டாள்.

இசைவாணிக்கு 2008-ல் மறுபடி பிள்ளை பிறந்தது. ஒரு புதன்கிழமை அவளாகவே வந்து வரிசையில் நின்றாள். மாடத்தி நர்ஸுக்குப் பக்கத்தில் ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஊசி போட்டதும் பிள்ளை வீறிட்டது. இசைவாணி தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே போய்விட்டாள். மாடத்தி முகத்தைப் பார்க்கவுமில்லை, பேசவுமில்லை.

அந்த வருஷக் கடைசியில் தரிசின் கிழக்குப் பாதி கை மாறியது. பெத்தணனின் மகன் ஒரு புதுப் பட்டாசுக் கம்பெனிக்கு அதைக் குத்தகைக்கு விட்டான். பட்டாசு செய்கிற ரூம்களைச் சுற்றிப் புல் பூண்டு இருக்கக் கூடாது, தீ பரவும். அது மாடத்திக்கும் தெரியும். அதனால் புதர்களை மிஷின் விட்டு வேரோடு தள்ளப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், யாரிடமும் சண்டைக்குப் போகாமல், தனக்குத் தெரிந்த வளைகளை இரண்டு ராத்திரி தேடி ஐந்து முள்ளெலிகளைப் பிடித்து மேற்குச் சரிவில் கொண்டுபோய் விட்டாள். கொண்டுபோய் விட்டால் பிழைக்குமா என்று ஞானசுந்தரிக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் கூடவே சாக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மேற்குச் சரிவு மட்டும் பெத்தணன் பேரிலேயே இருந்தது. மகன் கேட்டும் அவர் கையெழுத்துப் போடவில்லை.

2009 மழையில் மேற்குச் சரிவில் ஆறு முள்ளெலி இருந்தன. நகச்சாயம் போட்டு இடம் மாற்றியவற்றில் இரண்டு. மற்ற மூன்று என்னவாயின என்று தெரியவில்லை.

எண்ணப் போன கடைசி ராத்திரி, ஒரு கல்லில் உட்கார்ந்து காலில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே மாடத்தி கேட்டாள்: "எம்புட்டு இருந்தா டீச்சர் இது அழியாம இருக்கும்?"

"தெரியலக்கா. அதச் சொல்லணும்னா இன்னும் பத்து வருஷம் எண்ணணும்."

மறுநாள் கம்பெனி திறப்பு. ஏழு மணிக்கு வேன் வந்துவிடும். மாடத்தி எழுந்து சேலையை உதறிக்கொண்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னும் பார்க்கவில்லையே என்று முன்னால் நடந்தாள்.