கழுதைக்குப் புல் போட்டவர்

நிறுவனத்தின் ஆவணங்களில் அவருடைய பதவியின் பெயர் 'முதுநிலை ஆலோசகர், வீடியோ கேம் பிரிவு'. அந்தப் பதவிக்குரியவர் எப்படி இருக்கவேண்டும் என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள்: துடிப்பும் போட்டி மனப்பான்மையும் மிக்கவர், மின்னல் வேகக் கைத்திறன் உடையவர், கேம் உலகின் அன்றாடப் புதுமைகளை உயிர்மூச்சாகக் கொண்டவர், தன் உற்சாகத்தை வாடிக்கையாளருக்குத் தொற்ற வைப்பவர்.

அவரிடமிருந்து வாடிக்கையாளருக்குத் தொற்றக்கூடியது கொட்டாவி ஒன்றுதான்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். உழைத்த காலத்தின் பெரும்பகுதியைக் குளிர்சாதனப் பெட்டிகளுக்கு நடுவே நின்று கழித்தவர். கடையில் அந்தப் பிரிவைச் சுருக்கிப் பாதி ஆட்களைக் குறைத்தபோது, எங்கே இடம் காலியாக இருந்ததோ அங்கே இவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அன்றிலிருந்து சக ஊழியர்களுக்கு அவர் 'ஃபிரிட்ஜ் அண்ணன்'. ஃபிரிட்ஜ் விற்ற காலத்தில் ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

வேலை நேரத்தில் உட்காரக்கூடாது என்பது கடையின் விதி. மேசைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியை ஒளித்து வைத்திருந்தார். யாராவது கேட்டால், உட்காரவில்லை, சாய்ந்திருக்கிறேன் என்பார். இந்த வாதத்தை எதிர்க்கும் சக்தி மேலாளருக்கு இல்லை. அவருக்கும் கால் வலிதான்.

ஆடிப் பார்ப்பதற்காகக் கடையில் மாட்டியிருந்த டிவியில் அண்ணன் ஓட்டிய கார் முதல் வளைவைத் தாண்டியதை எவரும் கண்டதில்லை. ஆனால் "நல்ல கதையுள்ள கேம் எது?" என்று கேட்டு வருகிறவர்களை மற்ற ஊழியர்கள் நேராக அவரிடம்தான் அனுப்பினார்கள். அவரிடம் ஒரு முறை இருந்தது. அது ஃபிரிட்ஜ் விற்ற முறை. ஃபிரிட்ஜ் வாங்க வருகிறவரிடம் முதலில் கேட்கவேண்டியது, வீட்டில் எத்தனை பேர் என்பது. கதவு எந்தப் பக்கம் திறக்கவேண்டும், மின்சாரச் சிக்கனத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்பதெல்லாம் பிறகு. கேம் கேட்டு வந்தவர்களிடமும் அவர் அதையே விசாரித்தார். யார் ஆடப்போகிறார்கள், பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா.

மருத்துவமனை வேலை முடிந்து வந்த செவிலியர் ஒருவருக்கு, சீக்கிரம் முடிகிற, யாரும் படுக்கையில் கிடந்து சாகாத கதையை எடுத்துக் கொடுத்தார். புதிதாகக் கல்யாணமான ஜோடி இருவரும் சேர்ந்து ஆடும் கேமைக் கேட்டபோது மறுத்துவிட்டார். "இப்ப வேண்டாம். ஒருத்தர் ஆடி ஒருத்தர் பாக்குறதா எடுத்துக்குங்க. சேர்ந்து ஆடுறது கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். அவர்கள் கேட்கவில்லை, சேர்ந்து ஆடுவதையே வாங்கிப் போனார்கள். பிறகு கணவர் மட்டும் வந்து கையில் பிடித்து ஆடும் இரண்டாவது கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று விசாரித்தார்.

விற்றபின் வருகிற புலம்பல்களைக் கேட்பதும் அவர் பாடுதான். மூத்தவன் ஆடிச் சேமித்ததை இளையவன் அழித்துவிட்டான், மனைவி தெரியாமல் எதையோ அமுக்கிவிட்டாள் என்று வருகிறவர்களுக்கு, எந்தப் பதிவை வைத்துக்கொள்ளவேண்டும் என்று தினமும் பொறுமையாக விளக்குவார். பொறுமை என்பது பார்ப்பவர்கள் வைத்த பெயர். உண்மையில் அது களைப்பு.

சொந்தமாக ஒரே ஒரு விதி வைத்திருந்தார். முடிவைப் பார்க்காத கதையை யாருக்கும் பரிந்துரைக்கமாட்டார். முடிவு கசப்பாக இருக்கலாம், ஆளை ஏமாற்றக்கூடாது என்பது அவர் கட்சி.

முதல் வளைவையே தாண்டாதவர் முடிவுகளை எப்படிப் பார்த்தார்? மகள் மூலமாக. வீட்டுக் கூடத்தில் அவர் சோபாவில் நீளமாகப் படுத்துக்கொள்வார், மகள் தரையில் உட்கார்ந்து ஆடுவாள். அவள் கை, இவர் கண். துணி திருத்திக் கொடுக்கும் தொழில் செய்த அவர் மனைவி ஜன்னலோரம் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருப்பார். எல்லாச் சண்டைக் காட்சிகளுக்கும் பின்னணி இசை அந்த மெஷின்தான்.

கடைசியாக அவர்கள் ஆடிக்கொண்டிருந்த கேமில் பாலம் கட்டும் கிழவன் ஒருவன். அவன் கட்டிய பாலங்களையெல்லாம் ஓர் ஆறு அடித்துக்கொண்டு போகிறது. கோபத்தில், அந்த ஆறு பிறக்கும் ஊற்றைத் தேடி ஒரு கழுதையோடு மலையேறுகிறான். ஊற்றிடம் என்ன கேட்கப்போகிறான் என்பதுதான் கதை. சண்டையெல்லாம் மகள். கழுதைக்கு நேரத்துக்குப் புல் போடாவிட்டால் அது நடு வழியில் படுத்துவிடும். அதற்கு வேகம் தேவையில்லை, ஒரே பொத்தான். அந்த இடம் வரும்போது மட்டும் கன்ட்ரோலர் சோபாவுக்குப் போகும்.

கதை பாதியில் இருக்கும்போது மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. கேம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில், வெளியிடுவதற்கு முன் ஆடிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிக்கிற வேலை. அன்று சாயங்காலம் அண்ணன் கடையிலிருந்து வந்து நுழைகிறார். காலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மகள் விஷயத்தைச் சொன்னாள். முன்பின் தெரியாதவர்களுக்குக் காலையிலிருந்து கேம் சிபாரிசு செய்துவிட்டு வந்த மனிதர், "வீடியோ கேம் ஆடுறதெல்லாம் ஒரு வேலையா?" என்றார்.

தையல் மெஷின் நின்றது. மகள் அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள். அதில் எந்தப் பிரிவு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பிறகு எழுந்துபோய்த் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

அவள் போனபின் அம்மாவோடு தினமும் போனில் பேசினாள். அவர் கூடத்துக்கு வந்தால் போன் சமையலறைக்கு நகரும். "நல்லா இருக்காளாம்" என்று மனைவி பிறகு சொல்வார், வானிலை அறிக்கை வாசிப்பதுபோல. அவராக மகளை அழைக்கவில்லை. அழைத்தால் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றிப் பேசவேண்டியிருக்கும். நாளெல்லாம் பேசிக் களைத்த வாய்க்கு அந்த ஒரு வாக்கியம் பெரும் பாரமாக இருந்தது.

கடையில் இதன் விளைவு வேறு மாதிரி. புதிய கேம்கள் வந்துகொண்டே இருந்தன. அவற்றின் முடிவுகளைக் காட்ட ஆளில்லை. அதனால் அவர் பழையவற்றையே சிபாரிசு செய்தார். மேலாளர் கெஞ்சிப் பார்த்தார்: "முடிவு தெரியலைன்னா என்ன அண்ணே? கதைதான் பெட்டியிலயே போட்டிருக்கே." அண்ணன் முக்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்து, "பெட்டியில எழுதினவனும் பார்த்திருக்க மாட்டான்" என்றார்.

ஒரு மாலை, வேறெதுவும் செய்யத் தோன்றாமல், டிவியில் கேமை ஓட்டும் கன்சோலை, மகள் விட்டுப்போனதை, எடுத்துப் போட்டார். மகளிடம் அங்கே இன்னொன்று இருந்தது. இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான். ஒன்றில் ஆடி நிறுத்திய இடம் இணையம் வழியாக மற்றதிலும் வந்து நிற்கும். கிழவன் அவர்கள் விட்ட இடத்தில் இல்லை. சதுப்பு நிலத்தைத் தாண்டி ஒரு பள்ளத்தாக்கில் நின்றான். தன்னை விட்டுவிட்டுக் கதை போய்விட்டதே என்று அவருக்குச் சுருக்கென்றது. பிறகுதான் கழுதையைப் பார்த்தார். விலா எலும்பு தெரியப் படுத்துக் கிடந்தது. புல் போட்டார். அது எழுந்து உடம்பைச் சிலிர்த்தது. சேமித்துவிட்டு அணைத்தார்.

மறுநாள் கிழவன் வேறு பள்ளத்தாக்கில் இருந்தான். கழுதை மறுபடியும் பட்டினி. அதுவும் ஒரு புல்வெளிக்கு நட்டநடுவில். கேமில் குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் கழுதைக்குப் புல் போட மறப்பாளா? அவர் அதற்குமேல் யோசிக்கவில்லை. போட்டார்.

அப்படியே நடந்தது. அவள் சண்டை போட்டாள், இவர் புல் போட்டார். ஒரு வார்த்தை கிடையாது.

மனைவி கத்தரிக்கோலும் கையுமாக வந்து, "என்னங்க பண்றீங்க தினமும்?" என்று கேட்டார்.

"கழுதைக்குப் புல்."

"போன் போட்டுப் பேசுறது இதைவிடச் சுலபம்."

"கழுதை திருப்பிக் கேள்வி கேக்காது."

மனைவி அவரையும் கழுதையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தையலுக்குத் திரும்பினார்.

மலை முடிந்துகொண்டு வந்தது. உச்சியில் ஒரு கல் ராட்சசன் காவல் நிற்கிறான், அவனை வீழ்த்தினால் ஊற்றின் வாசல், அத்தோடு கதை முடிந்தது என்று வாடிக்கையாளர்கள் பேச்சில் அவருக்குத் தெரியும். அதற்குமேல் யாராவது சொல்ல வாயெடுத்தால், கிடங்கில் வேலை இருப்பதாகச் சொல்லி நழுவிவிடுவார்.

அந்தச் சமயம் பார்த்துத் தெருவைத் தோண்டினார்கள். கம்பி அறுந்து இணையம் போயிற்று. வீட்டில் கிழவன் ராட்சசனுக்கு இந்தப் பக்கமே நின்றான். அண்ணன் வழக்கம்போலப் புல் போட்டுச் சேமித்துவந்தார். இணையம் திரும்பிய மாலை கன்சோல் ஒரு கேள்வி கேட்டது. இரண்டு பதிவுகள் இருக்கின்றன, எதை வைத்துக்கொள்வது? மேலே மகளுடையது: ராட்சசன் விழுந்துவிட்டான், கிழவன் ஊற்றின் வாசலில். கீழே இந்த வீட்டினுடையது: ராட்சசன் நிற்கிறான், கழுதை வயிறு நிறைந்து நிற்கிறது. ஒன்றை வைத்தால் மற்றது இரண்டு ஊரிலும் அழிந்துவிடும்.

அவர் கீழே இருந்ததை அமுக்கினார். என்னவாம் என்று மனைவி கேட்டதற்கு, ஏதோ கேட்டது, ஏதோ அமுக்கினேன் என்றார்.

மறுநாள் மதியம் கடையில் அவருடைய போன் அடித்தது. மனைவியின் போன் இல்லை, அவருடையது. ஹெட்ஃபோன் அடுக்குக்குப் பின்னால் போய் எடுத்தார்.

"அப்பா, எதை அமுக்கினீங்க?" என்றாள் மகள். இத்தனை காலம் கழித்து முதல் பேச்சு அது.

"ரெண்டு இருந்துது பாப்பா. கீழ உள்ளதை."

"அது பழசு. தேதி போட்டிருக்குமே."

"போட்டிருக்கும்."

"நேத்து லீவு நாள் மொத்தமும் அவன்கூடவே போச்சு எனக்கு. விரலெல்லாம் வீங்கிப்போய் அவனை விழ வச்சேன். இப்ப பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி எழுந்து நிக்கிறான். கழுதை மட்டும் மாப்பிள்ளை மாதிரி மினுமினுன்னு இருக்கு."

"அதுக்குப் புல் போடுறது என் வேலை."

அவர் ஒரு ஹெட்ஃபோன் பெட்டியை எடுத்து, திருப்பி, வைத்தார்.

"உன் வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டார்.

"சுவத்துல முட்டுறதுதான்" என்றாள். "கேமுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு சுவரா போய் முட்டிப் பாக்கணும். எங்கயாவது வழி விட்டுதுன்னா சொல்லணும். அவங்க சரி பண்ணுவாங்க. மறுபடி போய் முட்டணும். சாயங்காலம் ஆனா கண்ணு ரெண்டும் பூத்துப்போகுது."

"நின்னுக்கிட்டா?"

"உக்காந்துதான்பா."

"அப்ப நல்ல வேலைதான்."

அவள் சிரித்தாள். களைத்த சிரிப்பு, அப்பனுடையதைப் போலவே. ராட்சசனை மறுபடி அடிக்கப் போவதாகவும், வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் போன் செய்வதாகவும், முடிவை இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டே சேர்ந்து பார்க்கலாம் என்றும் சொன்னாள். அதுவரை புல்லைத் தவிர எதையும் தொடக்கூடாது. வைக்கப்போனவள், "இதைத்தானப்பா கடையில தினமும் எல்லாருக்கும் சொல்லிக்குடுக்குறீங்க?" என்றாள்.

"ஆள் வந்திருக்காங்க பாப்பா" என்று வைத்துவிட்டார்.

ஆள் உண்மையிலேயே வந்திருந்தார். ஒரு பல் மருத்துவர். அவரும் அவருடைய மாமியாரும் ஒரே கேமைத் தனித்தனி அறையில் ஆடுகிறார்களாம். கன்சோல் இருவருடைய பதிவையும் காட்டி எதை வைப்பது என்று கேட்கிறதாம்.

"அமுக்குறதுக்கு முன்னாடி தேதியைப் பாருங்க" என்றார் அண்ணன். "எது புதுசோ அதை வையுங்க. பழசை வச்சா புதுசு போயிடும். திரும்ப வராது."

"மாமியாரோடது புதுசா இருந்தா?"

"மாமியாரோடதையே வையுங்க. வீட்டுக்கும் நல்லது."

பல் மருத்துவர் தலையாட்டிவிட்டு, அடுத்து ஆட நல்ல கதையாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். வீட்டில் யார் யார் என்று அண்ணன் கேட்கவில்லை, அவரே சொல்லியாயிற்று. பாலம் கட்டும் கிழவனின் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். முடிவு எப்படியிருக்கும் என்று கேட்டதற்கு, இன்னும் பார்க்கவில்லை என்றார். "ஆனா ரெண்டு பேரா ஆடுங்க. ஒருத்தர் சண்டைக்கு, ஒருத்தர் கழுதைக்கு."

மேலாளர் தூரத்திலிருந்து இதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் முக்காலியில் சாய்ந்துகொண்டார்.

இணையம் திரும்பிய அந்த மாலை, வீட்டில் அவரும் தேதியைப் பார்த்திருந்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இரண்டையும் படித்தார். மகள் அந்த வாசலைத் தாண்டினால் கதை முடிந்துவிடும், அதற்குப் பிறகு பசிக்க ஒரு கழுதை இருக்காது என்பதும் அவருக்குத் தெரியும். மகளுடைய பதிவுதான் புதியது என்று தெரிந்தே அதை அழித்தார்.