மகனுக்கு வைத்த அண்ணன் பெயர்

சண்டைக்காலத்தில் உன்னிச்சை வயலுக்குப் போன என் அண்ணன் யோகன் திரும்பி வரவில்லை. எங்கள் குடும்பத்தில் செத்தவர்களின் பெயரைத்தான் பிள்ளைகளுக்கு வைப்போம். நானும் பெருமையாக என் மகனுக்கு யோகன் என்று பதிந்தேன்.

பிள்ளை பார்க்க வந்த மச்சாள், அண்ணன் மனைவி, வழக்கம்போலப் பொட்டோடு வந்தார். பெயரைக் கேட்டதும் பிள்ளையைத் திருப்பித் தந்தார்.

“மரணப் பத்திரம் வேணாமெண்டு எத்தனை அரசாங்கக் கந்தோரில சொன்னனான், தம்பி. நீங்க பிறப்புப் பத்திரத்திலயே அவரச் சாகடிச்சிட்டீங்க.”

அன்றிலிருந்து அவர் முன்னால் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

போன கிழமை மச்சாள் வாசல் படலையில் நின்று, “யோகன்” என்று கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் கூப்பிட்ட அந்தப் பெயருக்கு யாரும் வந்ததில்லை. என் மகன் ஓடிப்போனான். அவனைத் தூக்கிய மச்சாளின் நெற்றியில் பொட்டு இல்லை.