மும்தாஜ் அக்காவின் தூக்கு

அன்று ஹாம்புர்க் தபால் நிலையத்தில் இருந்தவர்கள்: நான், நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா கெர்டா, எடை போடும் மீசைக்காரர், ஓர் எவர்சில்வர் தூக்கு. இல்லாதவர்கள் இருவர்: தூக்குக்குச் சொந்தக்காரியான மும்தாஜ் அக்கா, அது இல்லாமல் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று சென்னை காலடிப்பேட்டையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்த என் அம்மா.

இந்த ஊரில் இரவல் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, 'டாங்கே' என்று நன்றி சொல்லி, வெறுமையாகத் திருப்பித் தருகிறார்கள். கெர்டா முதல்முறை அப்படி ஒரு கிண்ணத்தை நீட்டியபோது, நான் என்ன தப்புச் செய்தேன் என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் சந்தில் வெறும் பாத்திரம் திரும்பினால் சண்டை என்று பொருள். பக்ரீத் பிரியாணியோடு எதிர்வீட்டிலிருந்து வரும் தூக்கு, தீபாவளிவரை எங்கள் பரணில் காத்திருந்து அதிரசத்தோடுதான் திரும்பும். அதில் மும்தாஜ் அக்காவின் பெயர் பொறித்திருக்கும். எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மேல்படிப்புக்குக் கிளம்பும் அவசரத்தில், படிக்காமல் அதில் பருப்புப்பொடியை நிரப்பி எடுத்து வந்தவனும் நானேதான்.

தீபாவளிக்கு அம்மா போனில் அழுதார். "வேற பாத்திரத்துல குடேன்மா" என்றேன்.

"இன்னாடா பேசுற? என் தூக்கு எங்கன்னு கேட்டா, ஜெர்மன்ல பொடி ரொம்பிகினு கீதுன்னு சொல்லவா?"

அந்த வருடம் அதிரசம் போகவில்லை. எதிர்வீட்டிலிருந்தும் ஆள் வரவில்லை. நான் பிறப்பதற்கு முன்பிருந்து ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள், இரண்டு மாதமாக வெவ்வேறு நேரத்தில் பிடித்தார்கள்.

தூக்கை அனுப்பிவிடத் தீர்மானித்தேன். அதைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, பொறித்திருந்த பெயரை கெர்டா கேட்டார். மும்தாஜ் என்றேன்.

"உன் காதலியா?"

"இல்லை. எதிர்வீட்டு அக்கா. கணவர், மூன்று பிள்ளைகளோடு இருக்கிறார்."

கெர்டா என்னைக் கட்டிக்கொண்டார். அந்தப் பரிதாபத்தை விளக்கித் தீர்க்க அரைமணி நேரமானது. வெறும் பாத்திரம் போகக்கூடாது என்று புரிந்ததும், கிறிஸ்துமஸுக்குச் சுட்டிருந்த லெப்குஹனை, நம்மூர் சுக்குக்காப்பி வாசம் அடிக்கும் பிஸ்கட்டை, தூக்கு கொள்ளாமல் அமுக்கினார்.

தபால் நிலையத்தில் எடை இரண்டு கிலோவைத் தாண்டிவிட்டது. அதுவரை இருபது யூரோ, தாண்டினால் கட்டணம் இரட்டிப்பு. "நான்கு பிஸ்கட்டை எடுத்துவிடு" என்றார் மீசைக்காரர். நாலைந்து குறைந்தாலும் மும்தாஜ் அக்காவுக்குத் தெரிந்துவிடும்! மூடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, தூக்கின் வாயை பிளாஸ்டிக் தாளால் கட்டினேன். அவர் என்னையும் தூக்கையும் மாறிமாறிப் பார்த்தார்.

பொங்கலுக்கு முன்பே பார்சல் சேர்ந்தது. தீபாவளிக்குப் போயிருக்க வேண்டிய அதிரசத்துக்குப் பதிலாக, கிறிஸ்துமஸ் பிஸ்கட்டோடு அம்மா எதிர்வீட்டுப் படியேறினார். நான் வீடியோ அழைப்பில் இருந்தேன்.

"இன்னாமே லட்சுமி, புள்ள ஃபாரின் போனதும் எங்கள மறந்துட்டியா? ஒரு அதிரசத்துக்குக் கூடவா வழியில்ல?"

"உன் தூக்க இந்தக் கய்தே எடுத்துகினு பூட்டான்க்கா. எந்த மூஞ்சிய வச்சிகினு வர்றது?"

"அட, தூக்கு போனா போவுது! நீ ஏன்மே வர்ல?"

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். மும்தாஜ் அக்கா ஒரு பிஸ்கட்டைக் கடித்து, "சுக்கு தூக்கலாகீது" என்று தீர்ப்புச் சொன்னார். அப்புறம் தூக்கைத் திருப்பிப் பார்த்து, போனுக்குள் முறைத்தார்.

"டேய் தம்பி, மூடி எங்கடா?"

மூடி என் சமையலறை ஜன்னலோரம் இருக்கிறது. அடி காலடிப்பேட்டையில், தலை ஹாம்புர்க்கில், என்னைப் போலத்தான். வெறும் மூடியை அனுப்பவும் மனம் வரவில்லை. ரம்ஜானுக்கு என்ன வைத்து அனுப்பலாம் என்று கெர்டா இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார். ஐந்நூறு ரூபாய்த் தூக்கை அனுப்ப இருபது யூரோ, மூடிக்கு இருபது யூரோ. ஆக மொத்தம் நாற்பது.