பத்தாவது வரியில் இருந்த பெயர்

2006ஆம் ஆண்டு, ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை. மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷன் மாடிவீட்டை விட்டு ரொக்ஸ்பரோவில் சொந்த வீடு வாங்கிக் குடிவந்து எங்களுக்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை. புது வீடு, புதுக் கத்தோலிக்கப் பங்குக் கோயில். அந்தக் கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்தக் காலத்தில் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பரம்பரை. வருடத்துக்கு ஒருமுறை கோயில் வளவில் தங்கள் மரபு விழாவை நடத்துவார்கள். பிடில் வாசிப்பு, கைகளை ஆட்டாமல் கால்களால் மட்டும் துள்ளி ஆடும் நடனம், உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்ட கறி, ஒரு மூலையில் பியர்க் கூடாரம் என்று பகல் முழுக்கக் கலகலப்பாக இருக்கும்.

அந்த விழாவுக்குப் பதினாறு வயதான என் மகள் தொண்டராகச் சேர்ந்திருந்தாள். பாடசாலையில் ஏதோ சமூக சேவை மணித்தியாலம் காட்டவேண்டுமாம். ஒரு மாதமாக ஞாயிறு பூசை முடிந்ததும் மற்றப் பிள்ளைகளோடு கூட்டத்துக்குப் போய்விடுவாள். என்ன செய்கிறாய் என்று கேட்டால் வாய் திறக்கமாட்டாள். கடைசி வாரம் மட்டும் என்னிடம் வந்து, "அம்மா, சனிக்கிழமை மூண்டு மணிக்குக் கட்டாயம் வாங்கோ. நான் மேடையில நிப்பன்" என்றாள். "ஆடப்போறியோ, பாடப்போறியோ?" என்று கேட்டேன். "வந்து பாருங்கோவன்" என்று சிரித்தாள்.

எனக்கு அது போதாதா? மகள் மேடை ஏறுகிறாள், அதுவும் வெள்ளைக்காரரின் விழாவில்! வேலையிடத்தில் சொன்னேன். பழைய அயலவர்களுக்குத் தொலைபேசியில் சொன்னேன். ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளுக்கு, அதாவது கணவரின் அக்காவுக்கு, இரண்டு தரம் சொன்னேன். அவவின் மகள் பரதநாட்டிய அரங்கேற்றம் செய்து, அந்த வீடியோவை நாங்கள் எல்லோரும் மூன்று மணிநேரம் உட்கார்ந்து பார்த்த கடன் ஒன்று எனக்குள் கிடந்தது. "ஐரிஷ்காரர் எங்கட பிள்ளையைத்தான் முன்னுக்கு நிப்பாட்டினமாம்" என்று கையிலிருந்தும் கொஞ்சம் போட்டு அளந்தேன். மச்சாளும் சும்மா விடுவாவா? வெள்ளிக்கிழமையே பஸ் ஏறி வந்து இறங்கிவிட்டா.

எங்கள் ஆட்கள் ஒரு மணி விழாவுக்கு மூன்று மணிக்குப் போவதுதான் வழக்கம். அன்று நான் மூன்று மணி நிகழ்ச்சிக்கு ஒரு மணிக்கே போய் நின்றேன். முன் வரிசையில் இடம் பிடிக்கவேண்டும், கமராவில் படம் எடுக்கவேண்டும். அந்த வெயிலுக்குள் பட்டுச்சேலை வேறு. கணவருக்கு வேலை. அதனால் நானும் மச்சாளும் மட்டும் காரில் வந்து இறங்கி, மேடைப் பக்கம் போகும் வழியில் சாப்பாட்டுக் கூடாரத்தைத் தாண்டினோம்.

அங்கேதான் கண்டேன். பச்சை ரீ-சேட் போட்டுக்கொண்டு என் மகள் மேசை மேசையாகப் போய் எச்சில் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் அடுக்கிய தட்டுகள், மற்றக் கையில் நுரை காய்ந்த பியர்க் கிளாஸ்கள். முகமெல்லாம் வியர்வை. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். இந்த நாட்டுக்கு அகதியாக வந்த எங்கள் ஆட்களில் பெரும்பாலானவர்கள் முதலில் செய்த வேலை உணவகங்களில் கோப்பை கழுவுவதுதான். என் கணவர் ஒன்பது வருடம் கழுவினார். நானும் நாலு வருடம் கழுவினேன். சுடுதண்ணீரில் ஊறி நகக்கண் வெடித்துப்போகும். அந்த நாட்களில் எனக்குள்ளேயே ஒரு சபதம் எடுத்திருந்தேன். என் பிள்ளை பிறத்தியாரின் எச்சில் கோப்பையைத் தொடக்கூடாது. வீட்டில் அவள் சாப்பிட்ட கோப்பையைக்கூட நான் அவளைக் கழுவவிட்டதில்லை.

மச்சாள் என் காதுக்குக் கிட்டக் குனிந்தா. "உதுதானோ மச்சாள் அந்த மேடை?" என்றா. மெதுவாகத்தான் சொன்னா. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, "பரவாயில்லை, தாய் தேப்பன்ர தொழில்தானே" என்றா.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. விறுவிறு என்று கூடாரத்துக்குள் போய் மகளின் முழங்கையைப் பிடித்தேன். ஒரு கிளாஸ் புல்லில் விழுந்து உருண்டது.

"உதைக் கீழ வை! நாங்கள் கோப்பை கழுவினது நீ இஞ்ச வந்து கோப்பை பொறுக்கவோ? நட வீட்டை!"

"அம்மா, பிளீஸ். மூண்டு மணிக்கு... ஒரு விசயம் இருக்கு. அதுக்குப் பிறகு வாறன்."

"ஒரு மண்ணும் வேண்டாம். நட!"

சத்தம் கேட்டு ஒரு பெண் ஓடிவந்தா. எழுபது வயது இருக்கும். வெள்ளைத்தலை, ஏப்ரன், அவவின் கையிலும் ஒரு அடுக்கு எச்சில் கோப்பை. சமையலறை உதவிக்கு வந்த ஆள் என்றே நினைத்தேன். ஆங்கிலத்தில் மிகவும் தணிவாக, இன்னும் இரண்டு மணித்தியாலம்தான், அதுவரை பிள்ளையை விடுங்கள், அவள் ஒரு மாதமாக இதற்காகக் காத்திருக்கிறாள் என்று சொன்னா. நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், என் மகள் வேலைக்காரி இல்லை, உன்னைப்போல இல்லை என்று கத்தினேன். பக்கத்து மேசைகளில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. மகள் கையிலிருந்த தட்டுகளை மேசையில் மெதுவாக வைத்தாள். அந்தப் பெண்ணிடம் ஏதோ சொல்லிவிட்டு என் முன்னால் நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் அறைக்குள் போய், பச்சைச் சட்டையைக் கழற்றி மடித்துக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தாள். அழவில்லை. ஏசவில்லை. திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கோபத்தைக் காட்டச் சட்டி ஒன்றை எடுத்து டமார் என்று அடுப்பில் வைத்தேன். வந்த மச்சாளுக்கு ஏதாவது கொடுக்கவேண்டுமே என்று மீன் ரோல்ஸ் பொரிக்கத் தொடங்கினேன். சுவர் மணிக்கூடு மூன்றைக் காட்டியது நன்றாக நினைவிருக்கிறது. அப்போது என் மனத்தில் இருந்ததெல்லாம் மச்சாள் ரொறன்ரோ போய் யார் யாருக்கு என்ன சொல்லப்போகிறா என்பதுதான்.

ஆறு மணிபோல வாசல்மணி அடித்தது. திறந்தால் அந்த வெள்ளைத்தலைப் பெண். ஏப்ரன் இல்லை. மகள் விட்டுவிட்டு வந்த புத்தகப்பையைக் கொண்டுவந்திருந்தா. சண்டைக்குத்தான் வந்திருக்கிறா என்று நான் நிமிர்ந்து நின்றேன். அவவோ மடித்த தாள் ஒன்றை என்னிடம் நீட்டி, "இதை உங்கள் மகளிடம் கொடுங்கள். அவளுடைய பக்கத்தை அவளுக்காக நானே வாசித்தேன். பெயரைச் சரியாகச் சொல்லியிருப்பேன் என்று நம்புகிறேன். இரண்டு வாரமாக அவள் எனக்குச் சொல்லித்தந்தாள்" என்று ஆங்கிலத்தில் சொன்னா.

எந்தப் பெயர் என்று கேட்டேன். என்னை ஒரு நிமிடம் பார்த்தா. எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அப்போதுதான் அவவுக்கு விளங்கியிருக்கவேண்டும். தானும் அந்த விழாவை நடத்துகிறவர்களில் ஒருத்தி என்று தொடங்கி, வாசலில் நின்றபடியே சொன்னா. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் அயர்லாந்தில் கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி இங்கே வந்தார்கள். வழியிலும், வந்து இறங்கிய பின்னும் காய்ச்சலில் செத்தார்கள். பலருக்குத் தனிக் கல்லறை இல்லை. அதனால் ஒவ்வொரு விழாவிலும் மூன்று மணிக்கு ஆட்டம் பாட்டு எல்லாவற்றையும் நிறுத்துவார்கள். இளம் தொண்டர்கள் மேடை ஏறி அவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். ஆளுக்கு ஒன்பது பெயர். பத்தாவதாக ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பத்தில் கல்லறை இல்லாமல் போன ஒருவரின் பெயரைச் சொல்லலாம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. காலையிலிருந்து மற்றவர்களுக்குப் பரிமாறி, எச்சில் எடுத்த பிள்ளைகள்தான் அந்த மேடையில் ஏறலாம். வேலை செய்த அதே சட்டையோடு.

தாளை விரித்தேன். தட்டச்சில் எட்டு ஐரிஷ் பெயர்கள், பக்கத்தில் வயது. ஒன்பதாவது வரியில் 'பெயர் தெரியாத சிறுமி' என்று ஆங்கிலத்தில் இருந்தது. பத்தாவது வரி என் மகளின் கையெழுத்து. அது என் தம்பியின் பெயர். வயது பத்தொன்பது.

என் தம்பி போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கிளாலிக் கடலேரியைப் படகில் கடக்கும்போது போனவன். படகும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை. அவனைக் கொழும்புக்கு வரச்சொல்லிக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதியவள் நான். வந்து சேர், கனடாவுக்கு எடுக்கிறதை நான் பார்க்கிறேன் என்று எழுதினேன். நான் எழுதாமல் இருந்தால் அவன் அந்தப் படகில் ஏறியிருக்கமாட்டான். இதை நான் கணவரிடம்கூட முழுக்கச் சொன்னதில்லை. செபப்புத்தகத்துக்குள் அவனுடைய ஒரு படம் இருக்கிறது. பின்பக்கம் பெயரும் வயதும் எழுதியிருக்கும். மகள் சின்னதில் ஒருநாள் அதை எடுத்துக்கொண்டு வந்து யார் இது என்று கேட்டாள். "இப்ப வேண்டாம், பேந்து சொல்லுறன்" என்று வாங்கி வைத்துவிட்டேன். பிறகும் இரண்டு மூன்று தடவை கேட்டாள். அதே பேந்துதான். கடைசியில் தகப்பனிடம் கேட்டு அறிந்திருக்கவேண்டும். பதின்மூன்று வருடமாக அந்தப் பெயர் என் வாயிலிருந்து வரவில்லை.

நான் யாரை வேலைக்காரி என்று கத்தினேனோ அந்தப் பெண்தான் அதை இந்த நாட்டில் முதன்முதலாக நாலு பேர் முன்னால் சத்தமாகச் சொல்லியிருக்கிறா. அதுவும் நான் அப்படிக் கத்தி இரண்டு மணித்தியாலத்தில். எல்லோரும் எழுந்து நின்றார்களாம்.

உள்ளே வாருங்கள் என்று கூப்பிடவும் தோன்றவில்லை, மன்னிப்புக் கேட்கவும் ஆங்கிலம் வரவில்லை. அவ என் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டா. பின்னால் நின்ற மச்சாள் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கட சின்னவன்ர பெயரெல்லே" என்று சொல்லிக் கதிரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினா. ஊரில் அவவின் வீட்டில்தான் அவன் ரியூஷனுக்குப் போகும் நாட்களில் சாப்பிடுவான். அவவுக்கும் அழ ஒரு இடம் இவ்வளவு நாளும் கிடைக்கவில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மகளின் அறைக் கதவைத் தட்டினேன். கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். தாளை அவள் பக்கத்தில் வைத்தேன்.

"ஏன் பிள்ளை எனக்கு முந்தியே சொல்லேல்லை?"

"சொன்னால் விட்டிருக்கமாட்டீங்கள். பேந்து எண்டு சொல்லியிருப்பீங்கள்."

"என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை" என்றேன். "ஓம் அம்மா" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிரவு சாப்பிட்டு முடித்ததும், தன் கோப்பையைத் தானே எடுத்துக் கழுவி வைத்தாள். நான் தடுக்கவில்லை.

அடுத்த வருடம் அவள் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். விழா நாள் வந்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டேன். "எனக்கு வேலை இருக்கு, நீங்கள் போங்கோ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

நான் தனியாகப் போனேன். பட்டுச்சேலை இல்லை. அந்த வெள்ளைத்தலைப் பெண்ணைத் தேடிப்பிடித்து, எனக்கும் ஒரு பச்சைச் சட்டை தாருங்கள் என்று கேட்டேன். மன்னிப்பையும் கேட்டேன். வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் பாடமாக்கி வைத்திருந்த ஆங்கிலம் பாதியில் காலை வாரிவிட்டது. அவ பெரிய சைஸாகப் பார்த்து ஒன்றை எடுத்துத் தந்தா. காலை பத்து மணியிலிருந்து மேசை மேசையாகக் கோப்பை பொறுக்கினேன். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் கண்டுவிட்டு, காணாததுபோல் போனார்கள். போகட்டும்.

மூன்று மணிக்குப் பாட்டு நின்றது. அங்கே ஒருமுறை வாசித்த பெயரைப் பட்டியலிலிருந்து எடுப்பதில்லையாம். செம்பட்டைத் தலைமுடிப் பெண்பிள்ளை ஒருத்தி என் தம்பியின் பெயரைத் தடுமாறாமல் வாசித்தாள். நீங்களும் மேடைக்கு வரலாமே என்று அந்தப் பெண் கேட்டா. நான் தலையாட்டி மறுத்துவிட்டேன். அந்த இடம் என்னுடையதில்லை.

இப்போதும் ஒவ்வொரு வருடமும் போய் எச்சில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு அவன் பெயர் வரும்வரை நிற்கிறேன். ஆனால் அந்தப் பெயரை என் மகளின் குரலில் கேட்கக் கிடைத்த ஒரேயொரு மூன்று மணிக்கு, நான் அவளை அறைக்குள் இருக்க வைத்துவிட்டு ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரிவதில்லை.